புரொஜெஸ்டிரோனை மட்டும் நிறுத்திவிடலாமா? மஸ்கெலியாவிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

அன்புத் தங்கைக்கு,

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் உங்கள் அக்காவுக்காக நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் உள்ள வேறு பெண்களும் இதைப் படிக்கக்கூடும். அக்காவுக்கு வயது 51. மாதவிடாய் நின்று எட்டு மாதமான நிலையில், மலைக்குளிரிலும் கம்பளியை உதறிவிட்டு எழுந்து உட்காரும் அளவுக்கு இரவில் உடம்பு கொதித்து வியர்த்ததால், வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்கில் ஹோர்மோன் சிகிச்சை தொடங்கினார்கள். நாள்தோறும் ஈஸ்ட்ரடயோல் என்ற ஈஸ்ட்ரோஜன் குளிசை ஒன்றும், மாதத்தில் 12 நாள் இரவில் 200 மில்லிகிராம் புரொஜெஸ்டிரோன் கெப்சூல் ஒன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொதிப்பும் வியர்வையும் அடங்கிவிட்டன. ஆனால் கெப்சூல் எடுக்கும் 12 நாளும் காலையில் தலைசுற்றுகிறது, மார்பு கனத்து நோகிறது, வயிறு ஊதுகிறது, காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வருகின்றன. “முதல் குளிசைதானே சுகம் தருகிறது, இரண்டாவதை விட்டுவிடு” என்று தோட்ட வீட்டு வரிசையான லயத்தில் ஒருவர் சொல்ல, அப்படிச் செய்யலாமா என்று அக்கா கேட்கிறார்.

மலையகத்து வைத்தியசாலைகளில் மகளிர் விடுதியிலும் கிளினிக்கிலும் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் நேரடியாகவே சொல்கிறேன். கருப்பை இருக்கும் ஒரு பெண் ஈஸ்ட்ரோஜனைத் தொடர்ந்துகொண்டு புரொஜெஸ்டிரோனை மட்டும் விடக்கூடாது. அதற்காக இந்தத் தொல்லைகளை எல்லாம் அக்கா பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பொருளில்லை. எடுக்கும் நேரம், அளவு, எடுக்கும் வழி, மருந்தின் வகை ஆகிய நான்கையும் மாற்றிப் பார்க்க இடமிருக்கிறது. அவற்றில் ஒன்றை மருத்துவர் அக்காவுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், அதைக் கேட்டுப் பெறும் உரிமை அக்காவுக்கு உண்டு.

கொதிப்பு, வியர்வை, உறக்கமின்மை ஆகியவற்றைத் தணிப்பது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன்தான், அந்த வகையில் லயத்தில் சொன்னது பாதி உண்மை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்வரிப் படலத்தையும் வளர்க்கும். உரம் மட்டும் போட்டுக் கவ்வாத்து வெட்டாத தேயிலை மலை எப்படிக் காடாகுமோ, அப்படியே அந்தப் படலமும் தடித்துக்கொண்டே போகும். ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களிடம் கருப்பை உள்வரிப் புற்றுநோய் கூடுவதை 1975 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள் காட்டின. 1996 இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வில், மூன்று ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 62 பேருக்கு அந்தப் படலம் இயல்புக்கு மீறித் தடித்திருந்தது. அவர்களுள் சிலருக்கு அது புற்றுநோயாக மாறக்கூடிய வகையாகவும் இருந்தது. புரொஜெஸ்டிரோனைச் சேர்த்து எடுத்தவர்களிடமோ அந்த நிலை மருந்தே எடுக்காதவர்களின் அளவிலேயே இருந்தது. ஆகவே அந்தக் கெப்சூல் அக்காவுக்குச் சுகம் தருவதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல, கருப்பையைக் காப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. அதனால்தான் அது வேலை செய்வது அக்காவுக்குத் தெரிவதில்லை, அதன் தொல்லை மட்டுமே தெரிகிறது.

இந்த இடத்தில் நம் தோட்டங்களில் அடிக்கடி நிகழும் ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். “எனக்கு ஒப்பரேஷன் செய்தாகிவிட்டது” என்று பல பெண்கள் சொல்வார்கள். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு செய்த குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷனில் கருக்குழாய்களை மட்டுமே கட்டுகிறார்கள், கருப்பை அப்படியே இருக்கிறது, ஆகவே புரொஜெஸ்டிரோன் அவசியம். கருப்பையையே அகற்றியவர்களுக்குத்தான் பொதுவாக அது தேவையில்லை. அவர்களிலும் கருப்பையின் கழுத்துப் பகுதியை விட்டுவைத்து ஒப்பரேஷன் செய்யப்பட்டவர்களும், உள்வரிப் படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் இருந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். கருத்தடைக்காகக் கொப்பர் லூப் வைத்திருப்பதும் இந்தப் பாதுகாப்பைத் தராது. எது செய்யப்பட்டது என்பது அக்காவுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால், பழைய கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்டையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

இனித் தொல்லைகளுக்கு வருகிறேன். அவற்றில் எனக்கு முதலில் கவலை தருவது தலைசுற்று. வாயால் விழுங்கிய புரொஜெஸ்டிரோன் ஈரலைக் கடக்கும்போது அதிலிருந்து அலோபிரெக்னனலோன் என்ற பொருள் உண்டாகிறது. உறக்க மருந்துகள் சில மூளையில் எந்த இடத்தில் வேலை செய்கின்றனவோ, ஏறத்தாழ அதே இடத்தில் இதுவும் வேலை செய்து மூளையை மந்தப்படுத்துகிறது. கெப்சூலை இரவில் எடுக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். விழுங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பு அதை இன்னும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்வதால் மயக்கமும் கூடும். வேலை முடிந்து வந்து, சமைத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, இரவு ஒன்பதரைக்கு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டவுடன் கெப்சூலையும் விழுங்கிவிட்டு, விடிய நாலரைக்கு எழுந்து பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் ஒரு பெண்ணுக்குக் காலையில் தலை சுற்றாமல் இருந்தால்தான் வியப்பு. அக்கா மாலை ஏழு மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து, வீட்டு வேலைகள் எல்லாம் முடிந்து படுக்கப் போகும் வேளையில் கெப்சூலை எடுத்துப் பார்க்கட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே காலைத் தலைசுற்று கணிசமாகக் குறைந்தவர்களைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன்.

எடுத்த பிறகு அடுப்படியில் நிற்பதும், இருட்டில் வெளியே உள்ள கழிவறைக்குத் தனியாகப் போவதும் ஆபத்து. எழும்பும்போது சற்று உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து நிற்க வேண்டும். தடிமலுக்கும் அரிப்புக்கும் நாம் எளிதாக வாங்கி எடுக்கும் பிரிட்டன் (Piriton) குளிசையும் உறக்கத்தைக் கூட்டும், ஆகவே அந்த நாட்களில் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்காமல் அதைச் சேர்க்கக்கூடாது. இரத்த அழுத்தக் குளிசை எடுப்பவரானால் கிளினிக்கில் அழுத்தத்தை ஒரு முறை அளக்கச் செய்யுங்கள், தலைசுற்றுக்குப் பழி முழுவதும் கெப்சூலுடையதாக இல்லாமலும் இருக்கலாம். இரத்தசோகையும் அப்படித்தான். நம் தோட்டப் பெண்களிடம் அது பரவலாக இருக்கிறது, மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் உதிரம் அதிகமாகப் போனவர்களிடம் இன்னும் கூடுதல். ஹீமோகுளோபின் பார்க்காமல் தலைசுற்றைப் பற்றி முடிவுக்கு வர வேண்டாம்.

நேரத்தை மாற்றியும் மழை நனைந்த சரிவில் நிற்க முடியாத நிலை இருந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக்கூடாது. கான் (வடிகால்) தாண்டும்போது கால் இடறினால் ஏற்படும் முறிவு, மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்புக்குச் சிறிய விஷயமல்ல. அந்த நாட்களில் அக்காவுக்குச் செங்குத்தில்லாத மலையோ வேறு இலகுவான வேலையோ தரும்படி தோட்ட வைத்திய உதவியாளர் மூலம் கேட்டுப் பார்க்கலாம். இதைச் சலுகை கேட்பதாக நினைத்துக் கூசத் தேவையில்லை.

அழுகையையும் எரிச்சலையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் இதை நோயாக யாரும் ஏற்பதில்லை, குணம் கெட்டுவிட்டது என்றே சொல்லிவிடுகிறார்கள். மேலே சொன்ன அதே அலோபிரெக்னனலோன் பெரும்பாலான பெண்களுக்கு அமைதியைத் தருகிறது, ஆனால் ஒரு சிலருக்கு நேர்மாறாக எரிச்சலையும் பதற்றத்தையும் துக்கத்தையும் தருகிறது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் இளமையிலிருந்தே கோபமும் அழுகையும் வந்தவர்களுக்கும், பிள்ளை பெற்ற பின் மனச்சோர்வு வந்தவர்களுக்கும் இப்படி நேர வாய்ப்பு அதிகம். கருத்தடைக்கான டெப்போ ஊசி போட்டிருந்த காலத்தில் மனம் கெட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது வேறு வகை மருந்தானாலும், இவ்வகை ஹோர்மோன்களுக்கு அக்காவின் உடம்பு எப்படிப் பதில் தருகிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

அதேவேளை, மாதவிடாய் நிற்கும் காலத்தில் மனச்சோர்வு தானாகவும் வரலாம், வீட்டுக் கவலைகளாலும் வரலாம். எது எதனால் என்று பிரித்தறிய ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு இரவும் நாளைக் குறித்து, கெப்சூல் எடுத்தாரா, மனம் எப்படி இருந்தது, உறக்கம், தலைசுற்று, மார்பு நோவு, உதிரம் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதி வைக்க வேண்டும். அக்காவுக்கு எழுதுவது சிரமமானால் நீங்கள் தொலைபேசியில் கேட்டு எழுதலாம், அல்லது கலண்டரில் அவர் புள்ளி வைக்கலாம். கெப்சூல் தொடங்கிய சில நாளில் மனம் இருண்டு, முடிந்த சில நாளில் வெளித்து, இரண்டு மூன்று மாதம் அதே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் கெப்சூல்தான் என்று துணிந்து சொல்லலாம். மாதம் முழுவதும் ஒரே மாதிரி இருண்டிருந்தால் மனச்சோர்வுக்கே தனியாகச் சிகிச்சை தேவைப்படலாம். மருத்துவர் ஐந்து நிமிடம் மட்டுமே பார்க்கக்கூடிய நெரிசலான கிளினிக்கில் இந்தக் கொப்பி அக்காவுக்காகப் பேசும். மருத்துவர் சிங்களம் மட்டும் பேசுபவரானாலும், நாட்களும் புள்ளிகளும் அவருக்கு விளங்கும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் இந்தக் கொப்பிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மார்பு நோவும் வயிற்று ஊதலும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் தணிந்துவிடும். அக்கா இப்போது மூன்றாவது சுற்றில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இவை இரண்டும் மட்டுமாக இருந்தால் இந்தச் சுற்று முடியும் வரை பார்க்கச் சொல்லியிருப்பேன். மார்பு நோவுக்கு ஈஸ்ட்ரோஜனின் அளவு கூடியிருப்பதும் காரணமாகலாம், அதைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நன்றாகத் தாங்கும் உள்ளாடை அணிவது உதவும். வயிற்று ஊதலோடு மலச்சிக்கலும் சேர்ந்து வருவதுண்டு, ஏனெனில் புரொஜெஸ்டிரோன் குடலின் அசைவையும் மெதுவாக்கும். மலையில் கழிவறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பழக்கம் இதை மோசமாக்குகிறது. வல்லாரை, முருங்கைக்கீரை, பப்பாசி, போதிய தண்ணீர் ஆகியவை அந்த 12 நாளிலாவது கட்டாயம் வேண்டும். மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ ஒரு பக்கம் மட்டும் வடிவம் மாறினாலோ, அது ஹோர்மோனால் என்று வீட்டிலேயே முடிவுசெய்யாமல் சுவநாரி என்ற பெண்கள் நலக் கிளினிக்கில் காட்டுங்கள்.

உதிரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 12 நாள் முறையில், கெப்சூல் முடியும் வேளையில் அல்லது அதற்கடுத்த சில நாட்களில் உதிரம் வருவது எதிர்பார்க்கப்பட்டதுதான். நின்ற மாதவிடாய் திரும்பிவிட்டது என்று பயந்து மருந்தை விடுபவர்கள் உண்டு. முதல் ஆறு மாதங்களில் முறை தவறிச் சிறிது வருவதும் வழக்கம். அதற்குப் பிறகும் முறை தவறி வந்தாலோ, எந்த நேரத்திலும் கட்டி கட்டியாக அதிகமாகப் போனாலோ ஸ்கேன் செய்து கருப்பைப் படலத்தின் தடிப்பை அளக்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் சுகமில்லையென்றால் மருந்தை மாற்றும் பேச்சை எடுக்க வேண்டும். அக்காவின் குறைகளை வைத்துப் பார்க்கையில் முதலில் கேட்க வேண்டியது டைட்ரோஜெஸ்டிரோன் பற்றி என்பது என் கருத்து. இது நாளுக்கு 10 மில்லிகிராம் அளவில் கொடுக்கப்படுகிறது. உறக்கம் தரும் அந்தப் பொருள் இதிலிருந்து உண்டாவதில்லை என்பதால் மந்தமும் தலைசுற்றும் குறைவு. டுபாஸ்டன் என்ற பெயரில் நம் நாட்டு மருந்தகங்களுக்குப் பழக்கமான மருந்து இது.

இரண்டாவது, அதே கெப்சூலை யோனிவழியாக வைப்பது. ஈரலைக் கடக்காமல் கருப்பைக்கு அருகிலேயே சேர்வதால் தலைக்கு ஏறும் பங்கு குறைகிறது. இதை மருத்துவர் சொன்னால் மட்டுமே செய்ய வேண்டும், ஏனெனில் எல்லாத் தயாரிப்புகளும் அதற்கு ஏற்றவையல்ல.

மூன்றாவது, லெவோநோர்ஜெஸ்ட்ரெல் வெளியிடும் ஹோர்மோன் லூப். மருந்து பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் உடம்பின் மற்றப் பகுதிகளுக்குச் செல்வது சொற்பம். 52 மில்லிகிராம் கொண்ட லூப் ஐந்து ஆண்டு இந்தப் பாதுகாப்பைத் தரும், மாதந்தோறும் குளிசை நினைவில் வைக்கவும் வேண்டாம். விலைதான் தடை, ஆகவே அரச வைத்தியசாலையில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். நுவரெலியா, கண்டி, பேராதனை, பதுளை ஆகிய பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்பிவைக்கும் கடிதத்தைத் திக்கோயா ஆதார வைத்தியசாலையிலேயே கேட்டுப் பெறலாம்.

இன்னொரு வழியும் சில மாதங்களில் அக்காவுக்குத் திறக்கும். இயற்கையான மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின், 12 நாளுக்கு 200 மில்லிகிராம் என்பதற்குப் பதிலாக நாள்தோறும் 100 மில்லிகிராம் எடுக்கும் முறைக்கு மாறலாமா என்று மருத்துவர் பார்ப்பார். ஏற்ற இறக்கம் இல்லாததால் மனம் அமைதியடையும் பெண்கள் உண்டு, மாதாந்த உதிரமும் நின்றுவிடும். ஆனால் 12 நாளும் மிகவும் துன்பப்பட்டவர்களுக்கு நாள்தோறும் எடுப்பது கடினமாகவும் அமையலாம், ஆகவே கொப்பியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

செய்யக்கூடாத ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட நம் பெண்கள் வாங்கும் 5 மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன் குளிசையை இந்தக் கெப்சூலுக்குப் பதிலாகத் தாமாகப் பாவிக்கக்கூடாது. அதுவும் இதே குடும்பத்து மருந்துதான், ஆனால் ஹோர்மோன் சிகிச்சைக்குத் தேவையான அளவு அதைவிடப் பல மடங்கு குறைவு. 2022 ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, இல்லாத மருந்துக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கிக்கொள்ளும் பழக்கம் பலரிடம் ஊன்றிவிட்டது. கம்பனி மாறலாம், ஆனால் மருந்தின் பெயர் மாறக்கூடாது. மில்லிகிராம் கணக்கை வைத்தும் ஒப்பிட முடியாது. ஒன்றில் 200 செய்யும் வேலையை மற்றொன்றில் 10 செய்யும். கடலை அல்லது சோயா ஒவ்வாமை உள்ளவரானால், சில கெப்சூல்களில் அவற்றின் எண்ணெயோ லெசித்தினோ இருப்பதால் மருந்தாளரிடம் கேட்டே வாங்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு நோவு, முன் எப்போதும் இல்லாத கடும் தலையிடி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல் ஆகியவை கெப்சூலின் சாதாரணத் தொல்லைகள் அல்ல. வாயால் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறைவதற்கான வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். இவற்றில் ஒன்று தோன்றினாலும் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

புற்றுநோய் வரும் என்று சிலர் பயமுறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் 2002 இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் மார்புப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 இலிருந்து 38 ஆகக் கூடியது. அதில் பயன்பட்டது மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் என்ற வேறு மருந்து, பங்கேற்ற பெண்களின் சராசரி வயதும் 63. அக்காவின் மருந்தும் வயதும் வேறு. ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அதனால்தான் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவர் அக்காவைப் பார்த்து, மருந்து இன்னும் தேவையா என்று தீர்மானிக்க வேண்டும். குடும்பத்தில் தாய்க்கோ சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அக்கா இந்த மாதக் கெப்சூலை ஏற்கெனவே விட்டுவிட்டார் என்றால் பதற வேண்டாம். ஒரு சுற்றுத் தவறியதால் புற்றுநோய் வந்துவிடாது, படலம் ஆபத்தான அளவுக்குத் தடிக்க மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். தவறியவற்றை ஈடுசெய்ய இரண்டிரண்டாக விழுங்க வேண்டாம். கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் இந்த வாரத்திலேயே கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசி, எந்த நாள் முதல் திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். போகும்போது கொப்பியையும், இரண்டு மருந்துகளின் வெற்று அட்டைகளையும், அவர் எடுக்கும் மற்ற எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.